அரையர் தாளமும் அரங்கன் நடையும்

காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவர் என்றே வைணவ உலகில் போற்றப்படுகிறார். உடலைப் பழக்கும் கலைகளின் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு. குருபரம்பரை நூல்களின்படி, அவர் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பாசுரங்களை இசையோடும் தாளத்தோடும் கற்பித்தார். குருகைக் காவலப்பன் என்ற சீடருக்கு யோகத்தைக் கொடுத்தார். முதல் வழி அரையர் சேவையாக ஸ்ரீரங்கத்தில் இன்றும் நடக்கிறது. இரண்டாவது வழி காவலப்பனோடு நின்றுபோனது.

அது நின்றுபோன கதையிலும் ஸ்ரீரங்கம் வருகிறது. நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார் யோக ரகசியம் கேட்டுக் காவலப்பனிடம் சென்றார். இன்ன நாளில் வந்தால் சொல்லித் தருவதாக அவர் நாள் குறித்துக் கொடுத்தார். இடையில் ஸ்ரீரங்கத்தில் பாசுரங்களை ஓதும் அத்யயன உற்சவம் வந்தது. திருவனந்தபுரத்தைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தை அரையர் பாடியபோது, அதைத் தமக்கு இட்ட கட்டளையாகவே எடுத்துக்கொண்டு ஆளவந்தார் அவ்வூருக்குப் புறப்பட்டுவிட்டார். குறித்த நாள் நினைவுக்கு வந்தபோது காவலப்பன் எட்டாத தொலைவில் இருந்தார். இதை நடந்த நிகழ்ச்சியாக நிறுவ முடியாது. ஆனாலும் இரு கலைகளின் தலைவிதியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை வேறில்லை. ஒருவர் ஒருவருக்கு மட்டும் ஓதிய பயிற்சி ஒரு நாள் தவறியதில் போயிற்று. ஊர் கூடிக் கேட்ட பயிற்சி பிழைத்தது.

மார்கழியில் அந்த உற்சவத்தின் பகல் பத்து அர்ச்சுன மண்டபத்திலும், இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்திலும் நடைபெறுகின்றன. காதுமடல் தொங்கும் கூம்புக் குல்லாய் அணிந்து, பெருமாள் சூடிய மாலையோடு, கையில் தாளம் ஏந்தி அரையர் நிற்பார். பாசுரத்தை முதலில் இசையோடு பாடுவார். பிறகு அதற்கு அபிநயம் பிடிப்பார். அதன்பின் பரம்பரையாக வந்த உரையைச் சொல்வார். இரணியன் வதம், அமுதம் கடைதல் போன்ற கதைகளையும் அவர் ஒருவரே நடித்துக் காட்டுவார். ஒப்பனை மாற்றமோ துணை நடிகர்களோ இல்லை. மணிக்கணக்கில் நின்றபடி மூச்சும் குரலும் கையும் காலும் நினைவும் ஒருசேர உழைக்க வேண்டிய சேவை இது. சிறுவயதிலேயே தந்தையிடம் பாடம் தொடங்கினால்தான் ஆயிரக்கணக்கான பாசுரங்கள் மனப்பாடமாகும்.

இப்படி உடலும் நினைவும் சேர்ந்து உழைப்பதன் பயனை இன்றைய மருத்துவம் வேறிடத்தில் அளந்திருக்கிறது. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. உடலுழைப்புச் செயல்களில் நடனம் மட்டுமே மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாக அதில் தெரிந்தது. நடனமே அதற்குக் காரணம் என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது; நல்ல நினைவாற்றல் உள்ளவர்களே நடனத்தைத் தொடர்ந்திருக்கவும் கூடும்.

அரையருக்கு நிகரான பயிற்சி கோயிலில் இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு. உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் அவர்கள். காஞ்சிக்குக் குடையழகு, ஸ்ரீரங்கத்துக்கு நடையழகு என்று ஊர்வழக்கு சொல்வது இவர்களால்தான். தோளுக்கினியான் என்னும் பல்லக்கில் பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து வெளிப்படுகையில் சிம்மகதி: சட்டென்று ஓரடி பாய்ந்து, நின்று, இருபுறமும் நோக்கி, மறுபடி அடியெடுத்து வைப்பது. உள்ளே திரும்புகையில் சர்ப்பகதி: புற்றுக்குள் நுழையும் பாம்பின் வளைவும் விரைவும். வீதியில் ஒய்யார நடை. இராப்பத்தின் எட்டாம் நாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் வையாளி என்னும் குதிரைப் பாய்ச்சல்.

இந்த நடைகள் எல்லாம் சுமப்பவர்களின் முழங்காலிலும் இடுப்பிலும்தான் பிறக்கின்றன. முன்னால் இருப்பவர் அடியை நிறுத்தும் கணத்திலேயே பின்னால் இருப்பவரும் நிறுத்தியாக வேண்டும். ஒருவர் தோள் தாழ்ந்தால் அந்தப் பாரம் அடுத்தவர் தோளில் ஏறும். வலுவான தனி ஆட்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் இது வராது. கூடிப் பழகியவர்களுக்கே வரும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் நடந்து 2010-இல் ஆய்விதழில் வெளியான ஆய்வு இங்கே பொருந்துகிறது. தனியே துடுப்பு வலித்த பிறகு இருந்ததைவிட, அதே உழைப்பைக் குழுவாக ஒத்திசைந்து செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. ஒத்த அசைவு உடம்புக்குள்ளேயே ஏதோ ஒன்றை மாற்றக்கூடும் என்பதை அது சுட்டுகிறது. சுமை தூக்கியும் களைப்பை மறந்து ஓடும் மனிதர்களைத் திருவிழாவில் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து ஒவ்வொருவர் கடமையையும் வரையறுத்தவர் இராமானுசர் என்று ஸ்ரீரங்கக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு கூறுகிறது. 1323-இல் தில்லிப் படையெடுப்பின்போது நம்பெருமாளை ஊர் ஊராக மறைத்துக் கொண்டுசெல்ல நேர்ந்தது. 1371-இல்தான் அவர் திரும்பினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் சேவைகள் மீண்டன.

கோயிலின் ஆடல் மகளிர் வரலாறு இதைவிடத் துயரமானது. அந்தப் படையெடுப்பில் பகைத் தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேலேற்றித் தள்ளிவிட்டுத் தானும் உயிர் விட்டதாகச் சொல்லப்படும் வெள்ளையம்மாள் ஒரு தேவதாசி. அவள் பெயரால்தான் அது வெள்ளைக் கோபுரம் ஆயிற்று என்பது ஊர் நம்பிக்கை. ஆடலுக்குக் கோயில் தந்த மதிப்பு, பின்னாளில் ஆடியவர்களைக் காக்கவில்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் முன்வைத்த முயற்சி 1947-இல் சட்டமாகி, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. சிறுமிகளை அந்த வழக்கத்திலிருந்து மீட்க அது தேவையான சட்டம். ஆனால் கலையும் வாழ்வும் ஒன்றாகவே இருந்த குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டப்படவில்லை. அவர்கள் ஆடிய சதிர், பரதநாட்டியம் என்ற பெயரோடு சென்னை மேடைகளில் ஏறியபோது, அதைக் காத்து வந்தவர்களில் பெரும்பாலோர் கீழே நின்றார்கள். திருச்சிக்குத் தெற்கே விராலிமலை முருகன் கோயிலில் தொண்டு செய்த 32 பெண்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டு, மலைப்படி ஏறி இறங்கி, தானே பாடித் தானே ஆடிய உடம்பு அவருடையது. பாட்டையும் ஆட்டத்தையும் இருவேறு ஆட்களுக்குப் பிரித்துவிட்ட இன்றைய மேடை, அந்த மூச்சுப் பயிற்சியை இழந்துவிட்டது.

ஸ்ரீரங்கம் அமைந்த திருச்சியில் யோகம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் பணியாற்றிய தாயுமானவர், மலைக்கோட்டையில் மௌனகுருவிடம் உபதேசம் பெற்றார். யோகியரின் அரிய ஆற்றல்களை அறிந்து பாடியவர் அவர். மனத்தை அடக்குவது அவற்றையெல்லாம்விடக் கடினம் என்பதும் அவர் பாட்டுத்தான். யோகத்தைத் திறந்த கூடத்துக்குக் கொண்டுவரும் வேலையை 1933 முதல் மைசூர் அரண்மனையில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் செய்தார். தாம் நாதமுனிகளின் வழிவந்தவர் என்றும், மறைந்த யோக ரகசியம் ஆழ்வார்திருநகரியில் தமக்கு உணர்வில் கிடைத்தது என்றும் அவர் சொன்னார். ஆளவந்தார் தவறவிட்டதை அவர் எல்லாருக்குமாகப் பெற்றார் என்று அவரைப் பின்பற்றுவோர் நம்புகிறார்கள்.

திருச்சியில் நடனம் பிறப்புரிமையின் கட்டைத் தாண்டியதில் கலைக் காவிரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1977-இல் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய இந்தக் கத்தோலிக்க நிறுவனம், பின்னர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக வளர்ந்து, சாதி, மதம் பாராமல் பரதநாட்டியம் கற்பிக்கிறது. கோயிலுக்குள் சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த அடவை, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவை, வீட்டில் யாருமே ஆடியிராத பிள்ளைகளும் வரிசையில் நின்று கற்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது; முறையாக ஆடும் மாணவருக்கு இது எளிதில் நிறைவேறும். கவனிக்க வேண்டியது முழங்காலை. கால்களை மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடிய வேண்டும். இடுப்பு திறக்காமல் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். சிமெண்ட் தரையில் நாள்தோறும் பாதத்தைத் தட்டும் தட்டடவு போடுவது முழங்கால் வலியைக் கூட்டும். தரையும் நிற்கும் முறையும் சரியாக இருந்து, வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் பார்த்துத் திருத்தும் இடங்களில் இதைத் தவிர்க்க முடிகிறது.