வீட்டில் எரிந்த விளக்கு

 

ஹிரா குகையில் எம்பெருமானார் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீயின் முதற்சொல், ஓதும்படி இட்ட கட்டளையாகும். எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்தவன் இறைவன் என்பதும் அதே வசனங்களில் வருகிறது. இதனை ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும், நம் பிள்ளைகள் வீட்டில் என்ன வாசிக்கிறார்கள் என்று வினவினால், பாடப்புத்தகம், தேர்வுக்கான வினா விடை நூல் என்னும் இரண்டைத் தவிர வேறு விடை பல வீடுகளில் கிடைப்பதில்லை. தேர்வு முடிந்ததும் அவையும் பழைய காகிதக் கடைக்குச் சென்று விடுகின்றன. யாரும் ஏவாமல், மதிப்பெண்ணை எதிர்பாராமல், தானாக ஒரு நூலை எடுத்து வாசிக்கும் பழக்கம் நம் சமுதாயத்தில் எங்கே வளர்ந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) நடைபெற்ற பத்ருப் போரில் மக்கத்துக் குறைஷியர் பலர் சிறைப்பட்டனர். ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர்க்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றனர். ஒருவருக்குப் பத்துச் சிறுவர்கள் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பொருள் நெருக்கடி மிகுந்த அந்நாளில் பொன்னுக்கு ஈடாக எழுத்தறிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பெண்மக்களின் நிலையோ இன்னும் சிறப்பானது. எழுதத் தெரிந்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்த செய்தி ஹதீஸில் இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில், அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் தொகுக்கப்பட்ட திருக்குர்ஆன் ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் எந்த இடத்தில் பாதுகாக்கப்பட்டன? அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் இல்லத்திலேதான்! உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க அவ்வேடுகளையே கேட்டுப் பெற்றார்கள். வீட்டில் எழுத்தறிந்த ஒரு பெண்மணி இருப்பதன் மதிப்புக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

இனி, தனித்து வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு மாணவரின் வரலாற்றைக் காண்போம்.

மருத்துவ மேதை இப்னு ஸீனா அவர்கள் கி.பி. 980-இல் புகாராவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் பிறந்தார்கள். தம் இளமைக் கால வரலாற்றைத் தம் மாணவர் ஜூஸ்ஜானீக்குத் தாமே எடுத்துரைத்துள்ளார்கள். பத்து வயதிற்குள் திருக்குர்ஆனைக் கற்றுத் தேர்ந்தார்கள். பின்னர் நாத்திலீ என்னும் அறிஞர் புகாராவுக்கு வந்தபோது, தந்தையார் அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து மகனுக்குப் பாடம் சொல்லச் செய்தார். யூக்ளிடின் வடிவ கணிதத்தில் முதல் ஐந்தாறு பாடங்களை மட்டுமே ஆசிரியரிடம் கேட்டார்கள். எஞ்சியவற்றைத் தாமே வாசித்துத் தீர்த்தார்கள். தாலமியின் வானியல் நூலுக்கு வந்தபோது, தானே படித்துப் புரிந்துகொண்டு பிறகு தம்மிடம் வந்து காட்டுமாறு ஆசிரியரே கூறிவிட்டார். நல்லாசிரியரின் இலக்கணம் இது! தான் இல்லாமலும் மாணவன் நடக்கும்படி பழக்கிவிட்டு அவர் ஊரை விட்டுச் சென்றார்.

அதன்பின் ஒன்றரை ஆண்டுக் காலம் இப்னு ஸீனா அவர்கள் முழு இரவு உறங்கியதில்லை. விளக்கை முன்வைத்து வாசிப்பதும், படித்ததைக் குறிப்பெடுத்து அடுக்குவதுமாக இரவுகள் கழிந்தன. விளங்காத சிக்கல் வந்தால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது இறைவனிடம் கையேந்துவார்கள்.

இத்தகைய மேதைக்கும் ஒரு நூல் விளங்கவில்லை! அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை வாசித்தும், மனப்பாடமே ஆகியும், அதன் கருத்துப் பிடிபடவில்லை. ஒருநாள் நூல் வணிகர் கடைத்தெருவில் ஒரு தரகர் ஒரு நூலை நீட்டினார். அவர்கள் வேண்டாம் என மறுத்தார்கள். உடையவருக்குப் பணமுடை, மூன்று திர்ஹம் போதும் என்று அவர் வற்புறுத்தவே வாங்கினார்கள். அது அதே நூலின் நோக்கத்தை விளக்கி அல்ஃபாராபீ எழுதியது. வீட்டுக்கு விரைந்து வாசித்தார்கள்; மூலநூல் மனத்தில் இருந்தமையால் அத்தனையும் தெளிவாயிற்று. மறுநாளே நன்றிக்கடனாக ஏழைகளுக்குத் தர்மம் வழங்கினார்கள். விளங்காத நூலைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த மூன்று திர்ஹம் நூலால் என்ன பயன் விளைந்திருக்கும்? பிற்காலத்தில் அவர்கள் இயற்றிய ‘அல்கானூன்’ என்னும் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17-ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது.

“வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டில் நூல் வாங்கப் பணம் ஏது?” என்று கேட்பீர்களாயின், பஸராவின் ஜாஹிழை நினைவுகூருங்கள். இளமையில் ரொட்டியும் மீனும் விற்றுப் பிழைத்தவர் என்பர். நூல் படியெடுப்போரின் கடைகளை இரவு நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, உள்ளே தங்கி வாசித்தார். இன்றோ கிளை நூலகம் வாடகை கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் கால்கள்தாம் அங்கே செல்வதில்லை.

தொலைதூர நாடுகளின் கதை மட்டுமல்ல இது. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபுத் தமிழில் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களை எழுதினார்கள். பள்ளிக்கூடப் படியேறாத நம் பாட்டிமார் அரபுத் தமிழ்க் கிதாபுகளை வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் வாசித்தே மார்க்கச் சட்டம் அறிந்தனர். வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு வாசித்தும் காட்டினர். பட்டம் பெற்ற நம் தலைமுறையின் வீடுகளில் அந்த ஓசை குறைந்துபோனது வேதனைக்குரியதல்லவா?

பெற்றோர்களே! இவ்வரலாறுகள் அனைத்திலும் ஒரு வீடு இருக்கிறது. ஓர் ஆசிரியர் தொடங்கி வைக்கிறார். மாணவர் தாமே தொடர்கிறார். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வையுங்கள். முதலில் நீங்கள் ஒரு நூலை விரியுங்கள். தந்தை வாசிக்காத வீட்டில் மகனை மட்டும் ஏவுவதில் பயனில்லை. பிள்ளை விரும்பும் நல்ல நூலை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். வாசித்து முடித்ததும் தேர்வு வைக்காதீர்கள். “என்ன படித்தாய், எனக்கும் சொல்லேன்” என்று ஆவலோடு கேளுங்கள். விளங்கவில்லை என்று மூடிவைத்தால் கடிந்துகொள்ளாமல், நாற்பது முறை வாசித்தவரின் கதையைச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடமும் மத்ரஸாவும் எழுத்தைத் தருகின்றன. அதனை வாழ்நாள் செல்வமாக்குவது வீட்டில் எரியும் விளக்கே. நம் இல்லங்களை அத்தகைய இல்லங்களாக ஆக்கி, பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.