காங்கேசன்துறைப் பாதையிலே

அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். மாமல்லபுரத்தைக் காணக் கடல் கடப்போரும் உளர். ஆயின், யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரை செல்லும் புகையிரதப் பாதை, இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தினுள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை அணைந்து செல்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்னும் நிலையங்களை நேயர்கள் பலர் நன்கறிவர். அவற்றில் இறங்கி அயலூர்களுக்குச் செல்வோர் எவற்றைக் காணலாம் என்பதைச் சிறிது நோக்குவோம்.

இப்பாதை பிறந்தபோது கொழும்புடன் தொடர்பற்றிருந்தது. 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் முதற் புகையிரதம் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலேயே ஓடியது. கொழும்பு வரை பாதை முழுமையுற்றது 1905இல். எனவே, தலைநகருக்குச் செல்லும் வழியாவதற்கு முன்னரே, ஊரையும் ஊரையும் இணைக்கும் வழியாக இது விளங்கிற்று.

கொக்குவிலில் இறங்கி மேற்கே சென்றால் ஆனைக்கோட்டை. அங்கே 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பெருங்கற் பண்பாட்டுக்குரிய ஈமப் புதைப்பு ஒன்று வெளிப்பட்டது. எலும்புக்கூட்டுடன் சிறிய முத்திரை ஒன்றும் கிடைத்தது. அதன் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துக்களும் இருந்தன. அவ்வெழுத்துக்களைக் ‘கோவேத’ என ஆய்வாளர் வாசித்தனர். எழுத்தறிவும் தலைமையும் உடைய மக்கட் கூட்டம் ஒன்று கிறித்து ஆண்டுக்கு முன்னரே இம்மண்ணில் வாழ்ந்தது என்பதற்கு அச்சிறு பொருள் சான்றாயிற்று.

சுன்னாகத்தில் இறங்குவோர் மேற்கே கந்தரோடையை அடையலாம். பனைகள் சூழ்ந்த தாழ்ந்த நிலத்தில், முருகைக்கல்லாலாகிய சிறு தூபிகள் பல நெருங்கி நிற்கும் காட்சி பார்ப்போரை வியக்கச் செய்வது. அநுராதபுரத்து மகாதூபிகளின் பெருமிதம் இவற்றுக்கு இல்லை. இறந்த துறவியரின் நினைவாக இவை எழுந்தன என்பர் ஆய்வாளர் பலர். இன்று தோன்றும் குவிமாடங்கள் பெரும்பாலும் தொல்பொருள் திணைக்களத்தார் மீளக் கட்டியவை, அடித்தளங்களே பழையன.

போல் பீரிஸ் என்பார் 1917ஆம் ஆண்டு தொடக்கம் இங்கே ஆய்வு நடத்தினார். முத்திரை குத்திய பழங்காசுகளும் உரோமக் காசுகளும் இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்தோர் ஆழ அகழ்ந்தபோது, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துள்ள ஓடும் வெளிவந்தன. தூபிகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதும், அவர்கள் தென்னிந்தியாவுடனும் அதற்கப்பாலும் வாணிபத் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதும் இவற்றால் விளங்கும்.

இவ்விடிபாடுகள் எவருக்குரியன என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. ‘நம்பொத’ என்னும் சிங்கள நூல் கதுருகொட விகாரையைக் குறிப்பதைக் காட்டுவோர் ஒருபுறம். தமிழரிடையே பௌத்தம் தழைத்ததற்கு மணிமேகலையைச் சான்று காட்டுவோர் மறுபுறம். இன்றைய இனப் பெயர்களை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையின்மீது ஏற்றி வழக்காடுவது வரலாறாகாது. பௌத்தம் என்றால் சிங்களம் என்றும், சைவமன்றித் தமிழுக்கு வேறு சமயமில்லை என்றும் கொள்ளும் இரு கொள்கைகளையும் கந்தரோடை ஒருங்கே மறுக்கின்றது.

மாவிட்டபுரத்தில் வரலாறு ஐதிகத்துடன் கலந்து நிற்கின்றது. குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்னும் இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், மா விட்ட புரம் என்னும் பெயர் அதனால் வந்தது என்றும் கூறுவர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இவ்விளவரசியின் கதை உண்டு. காங்கேயன் எனப்படும் முருகனின் திருவுருவம் வந்திறங்கியதால், கயாத்துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பதும் வழிவழி வந்த செய்தி.

பாதையின் முடிவில் உள்ள இடிபாடுகளோ பழமையானவை அல்ல. 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் ஓய்ந்தது. அவ்வாண்டிலே புகையிரதமும் நின்றது. சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வீடு வாசல் துறந்து வெளியேறினர். தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் கூரையிழந்து, சுவரிடையே மரம் முளைத்துக் கிடந்தன. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறையை எட்டியது.

ஆதலால், இப்பாதையிற் செல்லும் இளைஞருக்கு இருவகைப் பாடம் உண்டு. கந்தரோடை அழிந்த காரணத்தை நாம் ஊகித்தே அறிய வேண்டும். காங்கேசன்துறை அழிந்ததைக் கண்ணாற் கண்டவர் நம்மிடையே உளர். அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் கடன். பழைய ஓட்டுத் துண்டைப் பேணும் நாம், வாழ்ந்தோர் வாய்மொழியைக் கைவிடுதல் தகுமோ? அயலூருக்குச் செல்லும் ஒரு நாட் பயணத்தில் மாணாக்கர் கையில் ஒரு குறிப்பேடு இருக்குமாயின், அக்கடனின் தொடக்கம் அதுவேயாகும்.