கணிப்பொறியில் ஒரு பரம்பரைச் சொத்து

டாஸ் காலத்தில் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு 'பாத்' என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். இன்று பைத்தானும் ஜாவாவும் நிறுவும் மாணவர்கள் அதே சொல்லோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இரு தலைமுறைக்கும் பொதுவான இந்தச் சங்கதியின் பெயர் என்விரான்மென்ட் வேரியபிள்; தமிழில் சூழல் மாறி.

இது பரவலாக அறிமுகமானது 1979-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில். அதோடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும் வந்தது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி, உரிய புரோகிராமை ஓட்டுவது ஷெல்லின் வேலை. ஓட்டும்போது, பெயரும் மதிப்புமாக உள்ள ஒரு பட்டியலை நகலெடுத்து அந்தப் புரோகிராமின் கையில் கொடுத்துவிடும். 'எக்ஸ்போர்ட்' என்று குறித்து வைத்தவை மட்டுமே அதில் போகும்.

நகல் என்பதுதான் இங்கே முக்கியம். செம்மங்குப்பத்தில் அம்மா எழுதிய சாமான் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு பையன் சிதம்பரம் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அவன் சர்க்கரையை இரண்டு கிலோ என்று திருத்தினாலும் வீட்டிலுள்ள சீட்டு மாறாது. அப்படியே, தாய் புரோகிராமிடமிருந்து சேய்க்குப் போகும். சேயிடமிருந்து திரும்பி வராது. ஒன்று தன் பட்டியலைக் குழப்பிக்கொண்டாலும் மற்றவை தப்பிப்பது இதனால்தான்.

1983-இல் வந்த டாஸ் 2.0-வும் இம்முறையை எடுத்துக்கொண்டது. ஆனால் வழக்கு வேறானது. பாதைகளைப் பிரிக்க யூனிக்ஸில் முக்காற்புள்ளி. டாஸில் டிரைவ் எழுத்துக்குப் பின்னால் அது ஏற்கெனவே இருந்ததால், அரைப்புள்ளி. மாறிப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் யூனிக்ஸில் வெவ்வேறு. விண்டோஸில் இரண்டும் ஒன்றே. இந்த இரு குடும்பங்களையும் சேர்த்துவைக்க, 2017-இல் மைக்ரோசாப்ட் தனியாக ஒரு மாறியையே ஏற்படுத்தியது. விண்டோஸுக்கும் அதற்குள் ஓடும் லினக்ஸுக்கும் இடையே எந்த மாறிகள் போய்வரலாம் என்பதை அது சொல்லும்.

நம் தமிழும் இவ்வழியாகத்தான் வருகிறது. லினக்ஸில் 'லாங்' என்றொரு மாறி உண்டு. அதில் தமிழ், இந்தியா என்று குறித்தால், புரோகிராம்கள் ஒன்றிடமிருந்து ஒன்று அதை வாங்கிக்கொண்டு தமிழில் பேசும். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதே.

ஆனால் சீட்டில் எழுதினால் போதுமா? கடையில் சாமான் இருக்க வேண்டுமே! மொழிபெயர்ப்பு இல்லாத இடங்களில் ஆங்கிலமே தலைகாட்டும். லினக்ஸில் தமிழ்ச் சொற்களைச் சேர்த்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கணிப்பொறியும் தமிழும் தெரிந்த தம்பி தங்கைகளே, அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆளுக்குப் பத்து வரி செய்தாலும், அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும்.