கிதுல்கலையில் எழுந்த குவாய்ப் பாலம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்குச் செல்லும் வீதியிலே, களனி கங்கைக் கரையில் அமைந்த சிற்றூர் கிதுல்கலை. 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் திகதி, அவ்வூரில் ஆற்றின் குறுக்கே நின்ற மரப்பாலம் ஒன்றைத் தகர்ப்பதற்கு எல்லா ஆயத்தங்களும் செய்யப்பட்டிருந்தன. அக்காட்சியைக் காண அன்றைய பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அரசாங்கப் பிரமுகர் பலரும் வந்திருந்தனர். புகையிரதம் புறப்பட்டது. ஆனால் படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய வேளையில் பாதுகாப்பான இடத்தை அடையவில்லை. இதனை உணர்ந்த நெறியாளர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். புகையிரதமோ நிற்கவில்லை. பாலத்தைக் கடந்து ஓடி, அக்கரையிலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதிச் சேதமுற்றது. அதனை இரவோடிரவாகச் செப்பனிட்டனர். மறுநாட் காலையில் பாலமும் புகையிரதமும் ஒருங்கே ஆற்றில் வீழ்ந்தன.

'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் இறுதிக் காட்சி இவ்வாறுதான் உருவாயிற்று. படத்திற்காகக் கட்டிய அப்பாலம் 425 அடி நீளமும் 90 அடி உயரமும் உடையது. காட்டு மரங்களை இழுத்துவர யானைகள் பயன்பட்டன. கட்டுவதற்குப் பல மாதங்கள் சென்றன. செலவு இரண்டரை இலட்சம் டொலர் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மைச் செலவு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. படவுலகில் விளம்பரக்காரர் கணக்கும் கணக்கப்பிள்ளை கணக்கும் ஒத்திருப்பது அரிது.

அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அவற்றுள் திரைக்கதைக்குரிய பரிசு, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரரான பியர் பூல் பெயருக்கு வழங்கப்பட்டது. ஆங்கிலத் திரைக்கதை எழுதுமளவிற்கு அம்மொழியில் அவருக்குப் பயிற்சி இல்லை. உண்மையில் அதை எழுதியோர் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் என்னும் இருவர். பொதுவுடைமைச் சார்பினர் என்ற ஐயத்தால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தமையால் அவர்கள் பெயர் மறைக்கப்பட்டது. 1984இல்தான் அப்பரிசு அவர்களுக்குரியது என ஒப்புக்கொள்ளப்பட்டது. வில்சன் 1978இலேயே மறைந்துவிட்டார். ஃபோர்மனும் 1984இல் காலமானார்.

கதையிலும் மறைந்தவை உண்டு. படத்தில் வரும் கேர்ணல் நிக்கல்சன், யப்பானியருக்காகத் தாம் கட்டிய பாலத்தின் மீது பெருமை கொண்டு தம் கடமையை மறக்கிறார். சயாமில் உண்மைப் பாலம் கட்டப்பட்ட முகாமிலிருந்த கைதிகளுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ற் கேர்ணல் பிலிப் டூசி. அவருடைய ஆட்களோ, மரத்தை அரிக்கட்டும் என்று கறையானைத் திரட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். கொங்கிறீற்றை வேண்டுமென்றே பிழையாகக் கலந்தார்கள். உயிர் தப்பிய கைதிகள் படத்தைக் கண்டு மனம் புண்பட்டமை வியப்பன்று.

ஆற்றின் பெயரும் பிழையே. புகையிரதப் பாதை குவே நொய் என்னும் ஆற்றை ஒட்டி நெடுந்தூரம் செல்வதால், பாலமும் அதன் மீதே இருக்குமென நாவலாசிரியர் கருதிவிட்டார். உண்மைப் பாலம் மே குளோங் என்னும் ஆற்றின் மீது இருந்தது. படம் கண்டு வந்த பிரயாணிகள் குவாய் நதியைத் தேடித் திகைத்தனர். எனவே 1960இல், பாலம் உள்ள பகுதியில் ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றினர் தாய்லாந்து அரசினர். நாவலின் பிழையைத் திருத்துவதற்கு ஆற்றைத் திருத்தியது இங்கு மட்டுமே போலும்!

இவற்றினும் பெரிய மறைவு ஒன்றுண்டு. சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளத்திற்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த அப்பாதையில், நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் உழைத்தனர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். படம் காட்டுவது இவர்களை மட்டுமே. ஆனால் ஆசியத் தொழிலாளர் 180,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பர்மியர், யாவானியர், மலாயர், இவர்களோடு மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். இத்தொழிலாளருள் இறந்தோர் ஏறக்குறைய 90,000 என மதிப்பிடுவர். நாவலாசிரியர் பூல் போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். பால் வெட்டும் தமிழரைத் தோட்டங்களில் நாடோறும் கண்டிருக்கக்கூடிய அவருடைய கதையில் அம்மக்கள் இடம்பெறாமற் போயினர்.

போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகியிருந்த காலம் அது. நல்ல கூலி, நல்ல உணவு, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்ற வாக்கை நம்பிக் குடும்பத்தோடு சென்றோரும் இருந்தனர். சென்றவர் திரும்பவில்லை என்னும் செய்தி பரவியதும், மறுத்தோரைப் பலவந்தமாகப் பிடித்தனர். மலாயாவிலே இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, உள்ளேயிருந்த ஆண்களைச் சயாமுக்குப் புகையிரதமேற்றினர் என்று அவுஸ்திரேலியாவின் அதிகாரபூர்வமான போர் வரலாறு கூறுகின்றது. படம் பார்க்கச் சென்று பாதை போடப் போனவர்கள் அவர்கள்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி புகுந்தது. போர்க் கைதிகளிடையே படை மருத்துவர் இருந்தனர். மருந்தில்லாவிடினும் நீரைக் கொதிக்கவைக்கச் சொல்லவும் நோயாளரைப் பிரித்து வைக்கவும் அவர்களால் இயன்றது. தொழிலாளர் முகாம்களிற் பெரும்பாலானவற்றில் அதுவுமில்லை. இறந்தோரை எண்ணி எழுதிவைப்பாரும் அரியர். காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் உடல்களோ பாதையோரக் காட்டிலே மொத்தமாகப் புதைக்கப்பட்டன. 1990இல் காஞ்சனபுரி நகரில் நிலத்தைத் தோண்டியபோது அத்தகைய குழி ஒன்று வெளிப்பட்டது.