குதிரைமாளிகையும் ஒரு டென்மார்க் பெண்ணும்

சொந்த ஊர் திருவனந்தபுரம். பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை இருக்கிறது. கூரை விளிம்பைத் தாங்குகிற மாதிரி செதுக்கிய 122 மரக்குதிரைகள். அதை எண்ணுவதில் எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயதில் போட்டி. ஒரு தடவைகூடக் கணக்கு ஒத்து வந்ததில்லை.

போன வாரம் அக்காவின் போன். அவள் மகனுக்கு ஆறு வயது, செரிப்ரல் பால்சி. "தம்பி, குதிரை மேல உக்கார வச்சா இவனுக்கு இடுப்பு நிக்குமாம்லா? பிசியோவ நிறுத்திட்டு அந்தப் பணத்த இதுக்குக் கட்டட்டுமா?"

என்ன சொல்ல? படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படித்ததில் முதலில் வந்து நின்றவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-ல், வயிற்றில் இரண்டாவது குழந்தை இருக்கும்போது இளம்பிள்ளைவாதம் தாக்கியது. வயது 23. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது, நிலைத்துவிட்டது. அடுத்தவர் தூக்கிவிட்டால்தான் குதிரையேற முடியும். ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்களை முதன்முதலாக அனுமதித்த டிரெஸ்ஸாஜ் போட்டியில், ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வாங்கினார். 1956-லும் வெள்ளிதான்!

அவரைப் பார்த்துப் பலருக்கு நம்பிக்கை வந்தது. 1960களில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கம் பிசியோதெரபிஸ்டுகள் இதை முறையாகச் செய்யத் தொடங்கினார்கள். 1969-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தேசிய அமைப்புகளே வந்துவிட்டன.

சூட்சுமம் எளிதுதான். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், மேலுங்கீழுமாக அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட அப்படியே. நடந்தே அறியாத பிள்ளையின் இடுப்புக்கு நடையின் தாளம் கிடைக்கிறது. விழாமல் இருக்க முதுகுத் தசைகள் தாமாக வேலை செய்கின்றன.

ஆனால் இது மூளையின் பாதிப்பைக் குணமாக்காது. உட்காரும் சமநிலை சில பிள்ளைகளுக்குத் தேறியதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். இடுப்பு மூட்டு விலகியிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ ஆபத்து.

அக்காவிடம் சொன்னேன்: "பிசியோவை நிறுத்தாதே. முதலில் நரம்பியல் டாக்டரைக் கேள், இடுப்புக்கு எக்ஸ்ரே எடு. அவர் சரியென்றால், தெரிந்தவர்கள் கையில், கூடுதலாகச் செய்து பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அதுவரைக்கும் மாளிகைக் குதிரையைக் காட்டிட்டு வாரேன்" என்றாள்.

இந்தத் தடவையாவது 122 வருகிறதா பார்க்கணும்.