பால் என்னும் ஒற்றை எண்

2002இல் வெளிவந்த போக்கிமான் ரூபி, சஃபையர் விளையாட்டுகளில் ஓர் உயிரியின் ஆறு திறன்களையும் பயிற்சியால் உயர்த்தலாம். ஆனால் கூட்டு வரம்பு 510. ஒன்றில் மிகுதியாகச் சேர்த்தால் பிறவற்றுக்குக் குறையும்.

கேரளத்தின் மாட்டின வரலாறும் இவ்வரம்பைச் சந்தித்தது. 1963இல் இடுக்கியின் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டம், நாட்டுப் பசுக்களைப் பிரவுன் சுவிஸ் காளைகளோடு கலந்து ‘சுனந்தினி’யை உருவாக்கியது. பாலக்காட்டுத் தோணியிலும் பின்னர் காளைப் பண்ணை அமைந்தது. கறவை பெருகிற்று.

உரிமமற்ற காளைகளுக்குக் காயடிக்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வகைசெய்திருந்தது. குறைந்த தீனியில் வாழ்ந்து வெப்பம் தாங்கும் வெச்சூர்ப் பசு அழிவின் விளிம்பை எட்டியது. 1989இல் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் மண்ணுத்தியில் அதனை மீட்கத் தொடங்கினர்.

எத்திறன் அளக்கப்பட்டதோ, அதுவே எவ்வினம் எஞ்சும் என்பதையும் முடிவுசெய்தது.