ஒற்றைச் சாட்சி பிறந்த கதை

ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு எவனையும் கொல்லக் கூடாது, இரண்டு மூன்று பேராவது சாட்சி சொல்ல வேண்டும் என்று மோசேயின் சட்டம் நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டது. உபாகமம், 17ஆம் அதிகாரம். முதல் கல்லையும் அந்தச் சாட்சிகளே எறிய வேண்டும். பொய் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும் என்று நம்பினார்கள், யேசபேல் ராணி வரும்வரை.

அவள் கணவன் ஆகாப் ராஜாவுக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மேல் ஆசை. நாபோத் தர மறுத்தான். யேசபேல் சட்டத்தின் எழுத்தை மீறவே இல்லை. கணக்காக இரண்டு பேரைப் பிடித்து, நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல வைத்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. நாபோத் கல்லடிபட்டுச் செத்தான்.

சூசன்னா என்ற பெண்ணை விபசாரப் பழியில் சிக்கவைத்த பொய்ச்சாட்சிகளும் இருவர்தான். அவளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகையில் தானியேல் என்ற இளைஞன் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்றான். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். குறுக்கு விசாரணைக்கு இதைவிடச் சுவையான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் எண்ணிக்கை விதி அசையவில்லை. ஐரோப்பாவில் அதற்கு வேறு முகம் முளைத்தது.

திருச்சபைச் சட்டம் வழியாகப் பரவிய விதிப்படி இரண்டு சாட்சி முழு நிரூபணம், ஒன்று பாதி. மீதிப் பாதிக்கு எங்கே போவது? குற்றம் சாட்டப்பட்டவனே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகச் சித்திரவதைக் கூடங்கள் திறந்தன. அப்பாவியைக் காக்க வந்த விதி அவன் எலும்பையே முறித்தது.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் ராஜத்துரோகம் போன்ற சிலவற்றோடு இந்தக் கணக்கை நிறுத்திக்கொண்டன. அந்த மரபில் வந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872இன் இந்திய சாட்சியச் சட்டத்தை வகுத்தபோது 134ஆம் பிரிவில் ஒரே வரியில் விஷயத்தை முடித்தார்: எதை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி என்ற கட்டாயம் இல்லை. தூக்குத் தண்டனைக்குமா?

1957இல் சென்னை மாநிலத்திலிருந்து வடிவேலு தேவர் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நம்பத்தக்க நேரடிச் சாட்சி கொலையானவரின் மனைவி ஒருவரே. சாட்சியத்தை எண்ணக் கூடாது, நிறுக்க வேண்டும் என்றது நீதிமன்றம், தூக்கு உறுதியானது. நீதிபதியின் கைக்கட்டு அவிழ்ந்தது, தலையில் பாரம் ஏறியது.

அது எவ்வளவு பாரம் என்பது தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் தெரிந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பழைய விதியில் ஒருத்தியின் தனிச் சொல் பாதிக்கு மேல் தேறியிருக்காது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த அனைவரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. அடுத்த ஆண்டு புதிய சாட்சியச் சட்டம் வந்தபோது 134ஆம் பிரிவு 139 ஆனது. வாசகத்தில் யாரும் கை வைக்கவில்லை.